கூம்பு முறிந்த கலம்

மாஞ்சோலை மலைச்சரிவுகளில் ஊறும் ஓடைகள் மணிமுத்தாற்றில் சேர்ந்து, தாமிரபரணியொடு கலந்து, புன்னைக்காயலுக்கு அருகே கடலை அடைகின்றன. அவ்வாற்று முகத்தில்தான் பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை விளங்கிற்று. அத்துறைக்கு வந்த நாவாய்கள் காற்றையே துணையாகக் கொண்டு இயங்கின. பாய்மரத்தைப் பண்டைத் தமிழர் கூம்பு என்றும், கலம் செலுத்துவோனை மீகாமன் என்றும் வழங்கினர். நடுக்கடலில் கூம்பு முறிந்துவிடின் மீகாமன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்கு விடை கூறும் நிகழ்ச்சி ஒன்று நம் காலத்திலேயே நிகழ்ந்துள்ளது.

எங்கும் நில்லாது, தனியொருவராய்ப் பாய்க்கலத்தில் உலகை வலம்வந்த முதல் இந்தியர் அபிலாஷ் டோமி என்பவர். கடற்படை வீரராகிய அவர் 2013ஆம் ஆண்டில் அச்செயலை முடித்தார். பின்னர், 2018 ஜூலை 1ஆம் நாள், 'துரியா' என்னும் சிறு கலத்தில் பிரான்சு நாட்டிலிருந்து 'கோல்டன் குளோப்' போட்டிக்குப் புறப்பட்டார். 1968ஆம் ஆண்டளவில் வழங்கிய கருவிகளைக் கொண்டே கலம் செலுத்துதல் வேண்டும் என்பது அப்போட்டியின் நெறி.

செப்டம்பர் 21ஆம் நாள் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் கடும்புயல் எழுந்தது. கலம் புரண்டது, கூம்பு முறிந்தது, டோமியின் முதுகெலும்பும் முறிவுற்றது. நடக்கவும் இயலாத அவர் கலத்தைவிட்டு நீங்காது படுக்கையிலேயே கிடந்து, தம் நிலையைச் சுருங்கிய செய்திகளால் அறிவித்தார். மொரீசியசிலிருந்து சென்ற இந்தியக் கடற்படை விமானம் அவர் கலத்தைக் கண்டது. அதே புயலில் கூம்பிழந்த அயர்லாந்து வீரர் கிரெகர் மெக்கக்கின் என்பார், எஞ்சிய பொருள்களால் சிறு பாய் ஒன்றை அமைத்து, தம் இடரையும் பாராது, டோமி இருந்த திசை நோக்கிக் கலத்தைத் திருப்பினார். செப்டம்பர் 24ஆம் நாள் 'ஒசிரிஸ்' என்னும் பிரெஞ்சுக் கப்பல் டோமியை மீட்டது. மெக்கக்கினும் அக்கப்பலாலேயே மீட்கப்பட்டார்.

முறிந்த கூம்பு கயிறுகளில் தொங்கி, அலைதோறும் கலத்தின் பக்கத்தை மோதும். மோதி மோதித் துளையிட்டுவிடும். ஆதலின், அதனைக் கட்டி நிறுத்துதல் வேண்டும். இயலாதாயின் அறுத்துவிடுதல் வேண்டும். கலம் மிதக்குமளவும் அதனைவிட்டு நீங்கலாகாது. தேடி வருவோர் கண்ணுக்கு நீந்துவோன் தலை எளிதிற் புலப்படாது, கலமோ புலப்படும். பாய் பொருத்திய பலகைமீது நின்று அலையில் விளையாடுவோர்க்கும் இதுவே விதி. பாய் பழுதுற்றாலும் பலகையை விட்டுக் கரைநோக்கி நீந்துதல் பெரும்பிழை.

நலமுற்ற டோமி 2022ஆம் ஆண்டில் மீண்டும் அப்போட்டிக்குச் சென்றார். தனித்துச் செல்வோன் உறங்கும்போது காற்றின் போக்கறிந்து கலத்தைச் செலுத்தும் கருவி பழுதுற்றது. மாற்றுப் பொருள் இல்லாமையால், கழிப்பறைக் கதவை அறுத்து அக்கருவிக்கு வேண்டிய பலகையை அவர் செய்துகொண்டார். 2023 ஏப்ரல் 29ஆம் நாள் இரண்டாமவராய்க் கரை சேர்ந்தார்.

கருவியை முறித்தல் காற்றின் செயல். உள்ளம் முறியாது காத்தல் மீகாமன் செயல்.