காலுக்கும் கடலுக்கும் பொருந்தும் துடுப்பு

அண்ணாகிராமம் வட்டாரத்தைத் தொட்டு வரும் தென்பெண்ணை, கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் சேர்கிறது. கரையோரமாகவே இன்னும் வடக்கே போனால் புதுச்சேரி. முதுகில் காற்றுக்கலனைக் கட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கும் ஸ்கூபா முக்குளிப்பைச் சொல்லித்தரும் நிலையங்கள் அங்கே இருக்கின்றன. நெல்லிக்குப்பத்திலோ பண்ருட்டியிலோ வளர்ந்த ஒரு பிள்ளைக்கு இன்று இது எட்டாத ஆசை இல்லை. கற்கப் போகிறவர்கள் முகக்கண்ணாடியைப் பற்றிக் கேட்பார்கள், கலனைப் பற்றிக் கேட்பார்கள். காலில் மாட்டும் துடுப்பைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. நீருக்குள் நம்மை நகர்த்துவது அது ஒன்றுதான். கலனில் உள்ள காற்று எவ்வளவு நேரம் வரும் என்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அது எப்படி என்று பார்ப்போம். நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. நீருக்குள் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தாண்டிப் போக நொடிக்கு நொடி செலவாகும் ஆற்றல் எட்டு மடங்காகும். உழைப்பு ஏற ஏற மூச்சும் ஏறும். வழக்கமான அலுமினியக் கலனில் 200 பார் அழுத்தத்தில் 2,200 லிட்டர் அளவுக்குக் காற்று அடைத்திருக்கும். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பில் ஆவதைப்போல இரண்டு மடங்கு காற்று செலவாகும். அதனால் முக்குளிப்பவருக்கு வேகம் தேவையில்லை. குறைந்த உதையில் நிதானமாக நகர வேண்டும். வெறுங்கால் நீரை வெட்டிக்கொண்டு போய்விடும். அகன்ற துடுப்போ நிறைய நீரைப் பிடித்து மெதுவாகப் பின்னால் தள்ளும். அந்த உந்துதலில்தான் நாம் முன்னே போகிறோம்.

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்களுக்குத் துடுப்பு தேவைப்படவில்லை. கல்லின் கனம் அவர்களைக் கீழே இறக்கியது, படகிலிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தார்கள். முத்துக்குளிப்பு அங்கே 1961-உடன் நின்றுபோனது. ஆனால் மன்னார் வளைகுடாப் பக்கம் கடலட்டை எடுக்க மூழ்கியவர்கள், கடையில் துடுப்பு வாங்க வழியில்லாதபோது உலோகத் தகட்டை வெட்டிக் காலில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். 2001-இல் கடலட்டை எடுப்பதற்குத் தடை வந்தது. அந்தத் தகட்டுத் துடுப்பு எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. ஆய்வுக்கூடம் எதுவும் சொல்லாமலே, அகலமான பரப்பு வேண்டும் என்று தங்கள் காலாலேயே கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

மேலை நாட்டிலும் இது பழைய கருவி இல்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியு ரப்பர் துடுப்புக்கு 1933-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்கர் ஓவன் சர்ச்சில் 1940-இல் தமது வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் கடற்படை முக்குளிப்பாளர்கள் அதை மாட்டிக்கொண்டு போனார்கள். 1943-இல் கடலாய்வாளர் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கஞ்ஞானும் தானே மூச்சுக்காற்றைச் சீராகத் தரும் கருவியை உருவாக்கியபோது துடுப்பு தயாராகக் காத்திருந்தது.

இனி, எதை வாங்குவது? முதலில் பார்க்க வேண்டியது துடுப்பின் நீளமோ நிறமோ அல்ல, கால் நுழையும் உறை. கால்விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும், குதிகால் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. இறுகினால் பாதம் மரத்துப்போகும், கெண்டைக்கால் சதை ஏறிப் பிடித்துக்கொள்ளும். தளர்ந்தால் தோல் உரியும். அலையில் கழன்று போகவும் கூடும். செருப்பு எண்ணைச் சொல்லி வாங்குவது போதாது. மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உறையில் இரண்டு வகை. குதிகாலையும் மூடுவது ஒன்று. அதை வெறுங்காலில் மாட்டலாம். குதிகால் திறந்து வாரோடு வருவது மற்றொன்று. அதற்கு உள்ளே ரப்பர் காலணி வேண்டும், காலணியோடுதான் அளவு பார்க்க வேண்டும். நம் கடல் வெதுவெதுப்பானது. படகிலிருந்து குதித்துப் படகுக்கே திரும்புகிறவருக்கு மூடிய வகை போதும். எடை குறைவு, வார் அறுந்துவிடும் என்ற கவலை இல்லை. கரையிலிருந்து நடந்து இறங்குபவருக்கும், பாறையும் சிப்பியும் உள்ள இடத்துக்குப் போகிறவருக்கும் காலணி மாட்டும் வகைதான் ஏற்றது.

அடுத்தது தகடு. விறைப்பான தகடு பலமாகத் தள்ளும் என்று எண்ணிப் பலர் அதையே எடுக்கிறார்கள். தொடையில் வலுவில்லாதவருக்கு அது பத்து நிமிடத்தில் கால்வலியைத் தரும். மிக மென்மையானதோ நீரோட்டத்தில் கைவிடும். பங்குனி வாக்கில் நம் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கி வலுவாக ஓடும், ஐப்பசிக்குப் பிறகு தெற்கே திரும்பும். இந்தக் கடலுக்கு நடுத்தர விறைப்புள்ள தகடே சரி என்பது என் கருத்து. நடுவே பிளந்த தகடு முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு இதமாக இருக்கும், ஆனால் திரும்பவும் பின்னால் நகரவும் தோதாக இராது. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத் துடுப்புகளும் கடையில் இருக்கும். அவை மூச்சை அடக்கி ஆழம் போகிறவர்களுக்கானவை, கலன் கட்டியவருக்கு அல்ல.

துடுப்பின் எடையையும் பார்க்க வேண்டும். கனத்த ரப்பர் துடுப்பு குளிர்நாட்டுக் காற்றடைத்த உடைக்குப் பொருந்தும். அங்கே மிதக்கப் பார்க்கும் கால்களை அது இறக்கி வைக்கும். மெல்லிய உடையோடு வங்கக் கடலில் இறங்குபவருக்கு அதே கனம் கால்களைத் தாழ்த்திவிடும். உடல் சாய்ந்து, ஒவ்வொரு உதையும் தரையிலே போய்ப் படும்.

இதில்தான் இந்தக் கடலூர்க் கரைக்கே உரிய சங்கதி ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் தென்பெண்ணையும் கெடிலமும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் கடலடியில் படிந்து கிடக்கிறது. கால் தாழ்ந்த ஒருவர் மேலும் கீழுமாக ஓங்கி உதைத்தால் அது கிளம்பி, அவருக்கும் பின்னால் வருபவருக்கும் கண் மறைந்துவிடும். சிதம்பரத்துக்குத் தெற்கே பூம்புகார்க் கடலில் 1991-இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவக் கட்டுமானம் ஒன்றைக் கண்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், கலங்கிய நீரில் தொல்பொருள் தேடுபவருக்குக் கட்டுப்பாடான உதை பார்வையைப் போலவே முக்கியம். தவளை உதைப்பதுபோல் கால்களைப் பக்கவாட்டில் விரித்துச் சேர்க்கும் முறை தரையைக் கலக்காது. குட்டையான, அகன்ற, சற்றே விறைப்பான தகடு அதற்கு ஒத்துழைக்கும். பயிற்சியாளரிடம் இந்த உதையைக் கட்டாயம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

அலையடிக்கும் கரையில் துடுப்பை மாட்டிக்கொண்டு முன்னோக்கி நடந்தால் தடுக்கி விழுவீர்கள். பின்னோக்கி நடந்து இறங்குங்கள். சதை பிடித்துக்கொண்டால் பதறாமல் துடுப்பின் நுனியைக் கையால் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் கெண்டைக்கால் நீண்டு வலி விடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் படுக்கவைத்துக் காயவிடுங்கள். நுனியைத் தரையில் ஊன்றி நிறுத்தினால் தகடு நாளடைவில் வளைந்துவிடும்.

பயிற்சிக்கு முன்பே வாங்கிவிடாதீர்கள். நிலையத்திலேயே துடுப்பு தருவார்கள். ஒரு முறை மூடிய வகை, ஒரு முறை வார் வைத்தது என்று இரண்டையும் கடலில் போட்டுப் பாருங்கள். கால் சொல்வதைக் கேட்ட பிறகு பணத்தை எடுங்கள்.