கிராஷ் ஆன இடம் வேற, தப்பு நடந்த இடம் வேற

டாவோஸ்னு சொன்னா நமக்கு ஜனவரி மாசப் பொருளாதார மாநாடுதான் ஞாபகம் வரும். ஆனா அந்த ஊருக்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக் மலையில் 1936லிருந்து பனியை அளந்து குறித்துவருகிறார்கள். பல பனிச்சரிவுகளுக்குக் காரணம் எப்போதோ உருவாகி அடியில் புதைந்துபோன ஒரு பலவீனமான அடுக்கு. மேலே பார்த்தால் தெரியாது, குழி தோண்டித்தான் பார்க்கணும்.

லினக்ஸ் கெர்னலின் நினைவகக் கோளாறும் இதே ரகம்தான். ஒரு டிரைவர் தனக்குக் கிடைத்த 64 பைட்டைத் தாண்டி ஒரு பைட் எழுதிவிடுகிறது. உடனே ஒன்றும் ஆகாது. பக்கத்து இடத்தை வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டம் அதைப் படிக்கும்போதுதான் மெஷின் விழும். பழி ஃபைல் சிஸ்டத்துக்கு!

இதைப் பிடிக்கத்தான் ஸ்லப் அலோகேட்டரில் டீபக் அமைப்புகள் இருக்கு. கிறிஸ்டோஃப் லாமீட்டர் எழுதிய ஸ்லப், 2007ல் கெர்னலுக்குள் வந்தது. பூட் வரியில் ‘ஸ்லப் டீபக்’ என்று கொடுத்தால் போதும். புது கெர்னல்களில் அதன் பெயர் ‘ஸ்லாப் டீபக்’. பின்னால் ஓர் எழுத்து சேர்த்தால் ஒரு வேலை:

எஃப்: அடிப்படைச் சோதனைகள். ஒரே இடத்தை இரண்டு முறை விடுவித்தால் மாட்டும்.

இசட்: ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் ஒட்டி ஒரு வேலி. வரம்பு தாண்டி எழுதினால் வேலி கலைந்திருக்கும்.

பி: விடுவித்த இடத்தை 6பி என்ற பைட்டால் நிரப்பும். அடுத்து ஒதுக்கும்போது அது மாறியிருந்தால், யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

யு: கடைசியாக யார் வாங்கினார், யார் விடுவித்தார் என்ற தடயம். என்னைக் கேட்டால் நான்கில் விலைமதிப்பானது இதுதான்.

எழுத்தே கொடுக்காவிட்டால் இந்த நான்கும் இயங்கும். மெஷின் மெதுவாகும், நினைவகமும் கூடுதலாகப் போகும். அதனால் சந்தேகப்படும் கேஷின் பெயரை மட்டும் காற்புள்ளிக்குப் பின் கொடுப்பது நல்லது.

இதையெல்லாம் கெர்னல் ஆவணத்தில் எழுதிவைப்பது ஏன் முக்கியம்? வேலிக்கும் தடயத்துக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் கூடுதல் இடம் வேணும். அந்த அளவு, கேஷ் உருவாகும்போதே முடிவாகிவிடும். கிராஷ் ஆன பிறகு சுவிட்ச் போட்டால் போன தடயம் திரும்பாது. முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அதுக்கு யாராவது எழுதியிருக்கணும்.

அந்த ஆவணம் சொல்ல வேண்டிய இன்னொன்று, வரம்பு. வேலி கலைந்தது பெரும்பாலும் அந்த ஆப்ஜெக்டை விடுவிக்கும்போதுதான் தெரியவரும். எழுதின நொடியில் இல்லை. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க கேசான் வேணும். ஆனா அதை கெர்னலைக் கம்பைல் செய்யும்போதே சேர்க்கணும். ஸ்லப் டீபக் பெரும்பாலான டிஸ்ட்ரோ கெர்னல்களில் ஏற்கெனவே இருக்கு, ரீபூட் போதும்.

உங்க சர்வர் காரணமில்லாமல் விழுதா? அடுத்த ரீபூட்டில் பி, யு இரண்டையும் போட்டுவிட்டுக் காத்திருங்க. அதன்பின் கிராஷ் பதிவில் 6பி வரிசையாக வந்தால், விடுவித்த இடத்தை யாரோ இன்னும் படிக்கிறாங்க. அடுத்த ரீபூட்டில் பி, யு இரண்டையும் போட்டுவிட்டுக் காத்திருங்க.