மண்ணைக் கேட்டார்களா?

விளைச்சல் குறைந்தால் வானத்தைப் பழிக்கிறோம். வானம் பெய்திருந்தால் ஆற்றைப் பழிக்கிறோம். ஆறும் ஓடியிருந்தால் உழவனையே பழித்து, "இவனுக்கு விவசாயம் தெரியவில்லை" என்று மேடையேறி உபதேசம் செய்கிறோம். உர மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் விலையைப் பழிக்க மட்டும் யாருக்கும் வாய் வருவதில்லை!

2024-இல் 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்கும் குறைவு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையோ 1350 ரூபாய். பொட்டாஷ் அதற்கும் மேல். கடன் வாங்கிய பணத்தை மடியில் கட்டிக்கொண்டு கடைக்குப் போகும் குடியானவன் எதை வாங்குவான்? யூரியாவைத்தான் வாங்குவான். ஒரு மூட்டை போட வேண்டிய இடத்தில் இரண்டு மூட்டை போடுவான். அவன் அறியாமையால் அப்படிச் செய்கிறான் என்று சொல்வோரை நாம் கேட்கிறோம்: அந்த விலையை வைத்தவர் யார்?

கதை பழையது. 2010 ஏப்ரல் முதல் நாள் டில்லி சர்க்கார் ஒரு புது மானியத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உரத்தில் அடங்கிய சத்தின் அளவுக்குத்தான் மானியம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யூரியாவை மட்டும் அதில் சேர்க்காமல் வெளியே நிறுத்தி, அதன் விலையைக் கட்டிப் போட்டார்கள். மற்ற உரங்களின் விலையை அவிழ்த்து விட்டார்கள். பொட்டாஷ் விலை சில ஆண்டுகளுக்குள் மூன்று மடங்குக்கு மேல் ஏறிற்று. விளைவு? 2009-10-இல் இந்திய நாட்டு வயல்களில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் 4.3 : 2 : 1 என்ற விகிதத்தில் விழுந்தன. 2012-13-இல் அதுவே 8.2 : 3.2 : 1 ஆயிற்று. மூன்றே ஆண்டுகளில் இந்த மாற்றம்! எந்த மண்ணாவது "எனக்கு இனி இரட்டிப்புத் தழைச்சத்து வேண்டும்" என்று மனுப் போட்டதா?

ஜெர்மன் நாட்டு இரசாயன அறிஞர் லீபிக் 1840 வாக்கிலேயே உலகுக்குப் பரப்பிய உண்மை ஒன்றுண்டு. பயிரின் விளைச்சலை நிர்ணயிப்பது எந்தச் சத்து அதிகம் இருக்கிறதோ அது அன்று. எது மிகக் குறைவோ அதுதான். துத்தநாகம் இல்லாத வயலில் யூரியாவை மலைபோல் குவித்தாலும் நெல் எழும்பாது. நம் நாட்டு வயல்களில் துத்தநாகக் குறைவு பரவலானது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டு போட்டால் தீரக்கூடிய நோய்க்கு, மூட்டை மூட்டையாய் யூரியா மருந்து!

அந்த மருந்தாவது உடம்பில் ஒட்டுகிறதா? நீர் நின்ற வயலில் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் பயிருக்குக் கிடைப்பதில்லை. காற்றோடு போகிறது, நீரோடு இறங்குகிறது. மிஞ்சியதைத் தின்ற பயிர் பச்சைப் பசேலென்று தழைத்து நிற்கும். வரப்பில் நிற்பவன் மகிழ்வான். அவனைவிட மகிழ்வது புகையான் பூச்சி! இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் விருந்துக்கு வரும். பிறகு மருந்துக் கடைக்கு நடை, அங்கே இன்னொரு கடன்.

வைக்கோலின் கதை இதைவிடக் கொடுமை. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, தாளில் இருக்கிறது. முன்பு தாள் மாட்டுக்குப் போயிற்று, மாட்டிலிருந்து எருவாகி வயலுக்குத் திரும்பிற்று. இப்போது அறுவடை இயந்திரம் முன்னே போக, கட்டுக் கட்டும் இயந்திரம் பின்னே வர, தஞ்சைத் தரணியின் வைக்கோல் லாரி ஏறி வெளியூர் போகிறது. குடியானவன் விற்பது வைக்கோல் என்று நினைக்கிறான்; அவன் விற்பது தன் வயலின் பொட்டாஷ். அதைத் திரும்ப வாங்கக் கப்பல் வரவேண்டும், ஏனெனில் இந்நாடு தனக்கு வேண்டிய பொட்டாஷுக்கு அயல்நாடுகளையே நம்பியிருக்கிறது. கட்டுக்குக் கிடைத்த காசையும் பொட்டாஷ் மூட்டையின் விலையையும் அருகருகே வைத்துக் கணக்குப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"மண்வள அட்டை தந்தோமே!" என்பார்கள். தந்தார்கள், மறுக்கவில்லை. 2015 பிப்ரவரி 19-இல் ராஜஸ்தானத்துச் சூரத்கட்டில் தொடங்கிய திட்டம் அது. கார அமில நிலை முதல் போரான் வரை பன்னிரண்டு கணக்குகள் அதில் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் மண் எடுத்த விதத்தைப் பாருங்கள். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்றார்கள். அதாவது ஏறத்தாழ ஒரு வேலிக்கு ஒரு கைப்பிடி மண்! 2015-16 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு உழவனின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், ஏறக்குறைய ஐந்தரை மா. அப்படியானால் மூன்று நான்கு பேருடைய வயலுக்கு ஒரே சீட்டு. பக்கத்து வீட்டுக்காரனின் நாடியைப் பிடித்து நமக்கு மருந்து எழுதுவதுபோல் அல்லவா இருக்கிறது! அட்டை சரியாகவே இருந்தாலும், "யூரியாவைக் குறை, பொட்டாஷைக் கூட்டு" என்று அட்டை சொல்ல, விலை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இரண்டில் எது வெல்லும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

எந்த மண்ணுக்கு எவ்வளவு உரம் என்பதோடு, எந்த மண்ணில் எதைச் செய்வது என்பதும் சேர்ந்த கேள்வி. திருவாரூர்ப் பக்கத்துக் களிமண் நீரைப் பிடித்து வைக்கும். அது நெல்லுக்கென்றே அமைந்தது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு ஈரத்திலேயே உளுந்தைத் தெளித்துவிட்டால், மிச்ச ஈரத்தில் ஒரு வெள்ளாமையும் வரும், வேர் முடிச்சால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். நம் பாட்டன்மார் கண்ட முறை இது. கனத்த இயந்திரம் அந்த உளுந்து முளைகளை நசுக்கிக்கொண்டு ஓடுவதால் பல ஊர்களில் இது குறைந்துவிட்டது. பட்டுக்கோட்டைப் பக்கத்து இளகிய செம்மண்ணோ போட்ட சத்தை நீரோடு கீழே இறக்கிவிடும். அங்கே கடலைக்கும் தென்னைக்கும் உள்ள பொருத்தம் நெல்லுக்கு இல்லை. ஆயினும் கொள்முதல் நிலையத்தின் தராசு நெல்லுக்குத்தானே காத்திருக்கிறது!

நல்ல களிமண்ணில்தான் வண்ணக்கொடி நட்டு மனைக்கல் ஊன்றுகிறார்கள். 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தார்கள். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளும் உருக்காலைகளும் புதிதாக வரக்கூடாது என்றார்கள். வரவேற்கத்தக்கது. மனைத் தரகனுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை! ஒரு மனைப்பிரிவு எழும்பினால் போவது அந்த நஞ்சை மட்டுமா? வடிகால் தூர்ந்து, மேலே உள்ள வயல்களிலும் நீர் தேங்கிப் பயிர் அழுகுகிறது.

குத்தகைக்காரனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டிலேயே அவனைப் பாதுகாக்கச் சட்டம் வந்தது. ஆனால் வாய்மொழிக் குத்தகையில் உழுபவன் அடுத்த ஆண்டு இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்பதறியான். அவனிடம் போய், தக்கைப்பூண்டு விதைத்து ஒன்றரை மாதம் வளர்த்து மடக்கி உழு என்றால், யார் நிலத்துக்கு யார் உழைப்பு என்று அவன் கேட்க மாட்டானா?

மேட்டூர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்திய கோடையில் வயல் காய்ந்து கிடக்கும் வாரங்கள்தாம் மண் எடுக்கத் தோதானவை. ஒவ்வொரு கூட்டுறவுச் சங்கத்திலும் அந்த வாரங்களில் ஓர் ஆள் இருந்து, வேலிக்கு ஒன்று என்றில்லாமல் வயலுக்கு ஒன்றாக, உழுகிறவன் பெயரிலேயே மண்ணை வாங்கிக் கொள்ளட்டும். ஆடி பிறக்குமுன் சீட்டு அவன் கைக்கு வரட்டும். அந்தச் சீட்டில் எழுதிய உரத்துக்கு, அது பொட்டாஷானாலும் துத்தநாகமானாலும் தக்கைப்பூண்டு விதையானாலும், யூரியாவுக்குக் கொட்டிக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கைத் திருப்பிவிடட்டும்.

செய்வார்களா? அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் தேடிப் பார்ப்போம்.