அதே கோப்புத்தானா? கட்டளைவரி ஒத்திசைவும் பாதியில் நின்ற பதிவிறக்கமும்

ஏட்டுச்சுவடியைப் பெயர்த்து எழுதிய காலத்தில், எழுதி முடிந்ததும் ஒருவர் மூல ஏட்டை வாசிக்க, மற்றொருவர் புதிய படியில் கண்ணை ஓட்டிச் சரிபார்ப்பார். இரண்டும் ஒன்றே என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழியில்லை. கணினியும் நாள்தோறும் நமக்காகப் படியெடுக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வாசித்துப் பார்ப்பதில்லை. கோப்பின் பெயரைப் பார்க்கிறது, அளவைப் பார்க்கிறது, கடைசியாகத் திருத்திய நேரத்தைப் பார்க்கிறது. இவை பொருந்தினால் ‘அதே கோப்பு’ என்று முடிவு செய்துகொண்டு அடுத்ததற்குச் செல்கிறது. கட்டளைவரியில் கோப்புகளை ஒத்திசைப்பவர்களுக்கும், பாதியில் அறுந்த பதிவிறக்கத்தைத் தொடர முயல்பவர்களுக்கும் நேரும் தொல்லைகளுள் பெரும்பகுதி, நாம் ‘அதே கோப்பு’ என்பதும் கணினி ‘அதே கோப்பு’ என்பதும் வேறுபடும் இடத்தில்தான் பிறக்கின்றன.

இது கணினித்துறையினருக்கு மட்டும் உரிய கவலையன்று. முதியோரின் குரற்பதிவுகள், மின்வருடப்பட்ட பழைய இதழ்கள், பல்லாண்டு சேர்த்த பாடத்துணைப் பொருள்கள் ஆகியவை பல பள்ளிகளில் ஓர் ஆசிரியரின் ஒரே வட்டில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு இரண்டாம் படி எடுப்பதற்கு மிகப் பொருத்தமான கருவிகள் கட்டளைவரியில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை தவறும்போது ஏன் தவறுகின்றன என்று தெரியாமல் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். (கட்டளைச் சொற்களை இங்குத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன்; முனையத்தில் இடும்போது அவை ஆங்கில எழுத்துகளில் இருக்கவேண்டும்.)

முதலில் ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகிய இருவரும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1996இல் வெளியிட்ட நிரல் இது. அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கலை இப்படிச் சொல்லலாம். ஒரே நூலின் பழைய படி ஈப்போவில் இருக்கிறது; திருத்திய படி கோலாலம்பூரில் இருக்கிறது. இடையில் இருப்பது மெதுவான தொலைபேசி இணைப்பு மட்டுமே. முழுநூலையும் வாசித்துக் காட்டாமல் ஈப்போப் படியைப் புதுப்பிப்பது எப்படி? ஈப்போவில் இருப்பவர் தம் படியைச் சம அளவான துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு அந்த எண்களை மட்டும் சொல்கிறார். கோலாலம்பூரில் இருப்பவர் அதே எண் தரும் துண்டுகள் தம் படியில் எங்கே உள்ளன என்று தேடுகிறார். கிடைத்தவற்றை ‘உம்முடைய ஏழாம் துண்டு’ என்று குறிப்பிட்டுவிட்டு, கிடைக்காதவற்றை மட்டும் வாசிக்கிறார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நூலின் தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்த்தாலே பின்வரும் துண்டுகள் யாவும் ஓரெழுத்து நகர்ந்துவிடும். துண்டெல்லைகளிலேயே ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. எனவே தேடுபவர் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து பார்க்கவேண்டும். அவ்வாறு நகரும்போது முழுக்கணக்கையும் மீண்டும் போடாமல், வெளியேறும் பைட்டைக் கழித்து உள்ளே வரும் பைட்டைக் கூட்டினால் போதும் என்னும் எளிய ‘உருளும் தொகை’யே இந்நிரலின் உயிர்நாடி. எளிய தொகை பொருந்திய இடத்தில் மட்டும் வலிய தொகை ஒன்றையும் கணக்கிட்டு உறுதி செய்துகொள்கிறது.

இவ்வளவு நுட்பமும் இயங்குவது, கோப்பு மாறியிருக்கிறது என்று ஆர்சிங்க் ஐயுற்ற பிறகுதான். முதல் ஐயமே அளவையும் நேரத்தையும் மட்டும் வைத்து எழுகிறது. ‘ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்பையும் மீண்டும் அனுப்புகிறது’ என்ற முறையீட்டின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ‘ஆர்க்கைவ்’ என்னும் தெரிவை இடாமல் படியெடுத்தால் திருத்திய நேரம் சேரிடத்துக்குச் செல்வதில்லை. படியெடுத்த நேரமே பதிவாகிறது. அடுத்த முறை எல்லாமே மாறியவையாகத் தோன்றும். விரல் வட்டுகளில் காணப்படும் ஃபேட்32 அமைப்போ நேரத்தை இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் குறிக்கிறது. ஒற்றைப்படை நொடியில் திருத்திய கோப்பு அங்கே ஒரு நொடி விலகிவிடும். ‘மாடிஃபை-விண்டோ’ தெரிவுக்கு 1 என்ற மதிப்பைத் தந்தால் அந்த ஒரு நொடியைப் பொறுத்துக்கொள்ளும். மேலும், ஃபேட்32 உள்ளூர் நேரத்தையே எழுதிவைக்கிறது. சிங்கப்பூரில் நிரப்பிய வட்டைச் சென்னை நேரத்தில் இயங்கும் கணினியில் செருகினால் எல்லாக் கோப்புகளும் இரண்டரை மணி நேரம் பிறழ்ந்து தெரிய இடமுண்டு. கோப்புகளில் கோளாறு ஒன்றுமில்லை. அளவும் நேரமும் ஒத்திருந்தும் உள்ளடக்கம் வேறாக இருக்கலாம் என்று ஐயுறும்போது ‘செக்சம்’ தெரிவை இடலாம். அப்போதுதான் ஆர்சிங்க் ஒவ்வொரு கோப்பையும் முழுமையாக வாசித்து ஒப்பிடும். நேரம் பிடிக்கும், ஆண்டுக்கு ஒருமுறை செய்யத் தகும்.

இணைப்பு நடுவில் அறுந்தால் என்ன ஆகும்? ஆர்சிங்க் புதிய படியை, புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைவான தற்காலிகக் கோப்பில் எழுதுகிறது. முழுவதும் வந்து சேர்ந்த பின்னரே உரிய பெயரைச் சூட்டுகிறது. நடுவில் நின்றால் தற்காலிகக் கோப்பை அழித்துவிடுகிறது. மூன்று கிகாபைட் வந்தபின் அறுந்தாலும் மீண்டும் சுழியத்திலிருந்துதான். ‘பார்ஷியல்’ தெரிவு அதைத் தடுக்கும்; ஆனால் அரைகுறைக் கோப்பே முழுக்கோப்பின் பெயரைப் பெற்றுவிடுகிறது. பெயரை நம்பித் திறப்பவர் ஏமாறுவார். ‘பார்ஷியல்-டிர்’ என்னும் தெரிவு அரைகுறையைத் தனிக் கோப்புறையில் ஒதுக்கிவைக்கிறது. நான் பரிந்துரைப்பது இதையே.

தொடரும்போது சிறிது நேரம் எதுவும் நகராததுபோல் தோன்றும். பலர் இவ்விடத்தில் பொறுமையிழந்து நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில், ஏற்கெனவே வந்த பகுதிக்குத் துண்டுத் தொகைகளைக் கணக்கிட்டு ஒப்பிடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ‘அப்பெண்டு’ என்ற தெரிவு இந்த ஒப்பீட்டைத் தவிர்த்து வாலை மட்டும் ஒட்டும். முற்பகுதி மாறவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி அதைப் பயன்படுத்தலாகாது. ‘அப்பெண்டு-வெரிஃபை’ வாலை ஒட்டியபின் முழுக்கோப்பையும் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் மீண்டும் அனுப்பும்.

வேறு இரண்டு தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இட்டால் உள்ளிருப்பவை மட்டும் செல்லும். இடாவிட்டால் கோப்புறையே சென்று சேரிடத்தில் ஓர் அடுக்கு கூடும். தொலைக் கணினியில் நுழைந்தவுடன் ‘வணக்கம்’ என்று அச்சிடும்படி யாரேனும் தொடக்கக் கோப்பில் எழுதிவைத்திருந்தால், அந்த வணக்கத்தை ஆர்சிங்க் நெறிமுறைத் தரவாகப் படித்துக் குழம்பி, நெறிமுறைப் பதிப்பு பொருந்தவில்லை என்று கூறி நின்றுவிடும். பண்பாடு இங்கே பகையாகிறது.

‘டெலீட்’ தெரிவைச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. மூலத்தில் இல்லாதவற்றைச் சேரிடத்திலும் அழிப்பது அதன் பணி. மூலமாகிய வெளிவட்டு அன்றைக்கு இணைக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது இணையும் கோப்புறை மட்டும் வெறுமையாக நிற்கும். ஆர்சிங்க் அதைப் பிழையாகக் கருதாது; மூலம் வெறுமையாகிவிட்டது, ஆகவே சேரிடத்தையும் வெறுமையாக்கவேண்டும் என்று ஒழுங்காகச் செய்து முடிக்கும். வட்டு பழுதாகி, அதைக் கவனிக்கும் முன்னரே இரவில் தானியங்கி ஒத்திசைவு ஓடினால், இருந்த ஒரே மறுபடியும் போய்விடும். ‘ட்ரை-ரன்’ தெரிவுடன் ஒத்திகை பார்ப்பதும், ‘மேக்ஸ்-டெலீட்’ மூலம் அழிப்புக்கு எல்லை வகுப்பதும் இதற்குக் காப்பு.

இனி இணையப் பதிவிறக்கம். டபிள்யூகெட் கட்டளையுடன் சிறுகோடும் சிற்றெழுத்து ‘சி’யும் இட்டால், கையிலுள்ள அரைகுறைக் கோப்பின் அளவைப் பார்த்து, ‘இத்தனையாவது பைட்டிலிருந்து தருக’ என்று வழங்கியைக் கேட்கும். அதை இடாமல் மீண்டும் இறக்கினால், பெயரின் ஈற்றில் புள்ளியும் 1 என்ற எண்ணும் சேர்ந்த இரண்டாவது கோப்பு பிறக்கும். கர்ல் கட்டளைக்குப் பெரிய ‘சி’யும் அதையடுத்து ஒரு சிறுகோடும் வேண்டும். வழங்கி தரும் விடையெண்ணே இங்கு நோய் நாடும் நாடி. 206 என்றால் கேட்ட பகுதியைத் தருகிறது. 200 என்றால் கேட்டதைப் புறக்கணித்து முதலிலிருந்து தருகிறது. இந்நிலையில் கர்ல் 33 என்ற பிழையெண்ணுடன் நின்றுவிடும். 416 என்றால் கேட்ட இடத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. பெரும்பாலும் கோப்பு ஏற்கெனவே முழுமையாக வந்துவிட்டது என்று பொருள்.

இவற்றுள் மிகக் கொடிய பிழை எந்த எண்ணிலும் தெரியாது. நேற்று பாதி இறக்கிய கோப்பை இன்று வழங்கியில் புதிய பதிப்பாக மாற்றியிருக்கலாம். டபிள்யூகெட் நேற்றைய தலையுடன் இன்றைய வாலை ஒட்டிவிடும். அளவு சரியாக இருக்கும், திறந்தால் சிதைந்திருக்கும். எச்டிடிபி நெறிமுறையில் ‘இஃப்-ரேஞ்ச்’ என்னும் தலைப்புக்கூறு இதற்காகவே உள்ளது: நான் வைத்திருக்கும் பதிப்பே இன்னும் இருந்தால் மீதியைத் தருக, இல்லையேல் முழுவதையும் தருக என்பது அதன் பொருள். அதை அனுப்பாத கருவியைப் பயன்படுத்தும்போது, வெளியிட்டவர் தந்துள்ள ஷா-256 தொகையுடன் கையிலுள்ள கோப்பை ஒப்பிடுவதே ஏடு வாசித்துச் சரிபார்ப்பதற்கு நிகரானது.

பெயரைக் கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம், அது தமிழுக்கே உரிய சிக்கலைத் தருவதுதான். ஒருவர் தம் பாடக்குறிப்புகளைப் பழைய மேக் கணினியிலிருந்து லினக்ஸ் வழங்கிக்கு ஒத்திசைக்கிறார். அங்கே ‘தொல்காப்பியம்’ என்ற பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கின்றன. ‘திருக்குறள்’ ஒன்றே நிற்கிறது. ஏன்?

ஒருங்குறியில் ‘தொ’ என்பதை இரண்டு வகையில் எழுதலாம்: தகரத்துடன் ‘ொ’ என்னும் ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாக. இரண்டும் இணையானவை என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்புகளுக்கோ பெயர் என்பது வெறும் பைட்டு வரிசை. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டு. ஆகவே ‘தொல்காப்பியம்’ முதல் வகையில் 39 பைட்டு, இரண்டாம் வகையில் 42. லினக்ஸ் கண்ணுக்கு இவை இரு வேறு பெயர்கள். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு எல்லாப் பெயர்களையும் பிரித்தே சேமித்தது. மற்றக் கணினிகளில் நாம் தட்டச்சிடுபவை பெரும்பாலும் சேர்த்தே எழுதப்படுகின்றன. ‘திருக்குறள்’ என்ற பெயரில் பிரியக்கூடிய குறி எதுவும் இல்லாததால் அது தப்பியது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களும் ‘ஔ’ என்னும் எழுத்தும் உள்ள பெயர்கள் மட்டும் இரட்டிக்கின்றன என்றால், காரணம் இதுவே என்று கொள்ளலாம். இந்நிலையில் ‘டெலீட்’ தெரிவும் சேர்ந்தால், சேர்த்து எழுதிய பெயரை மூலத்தில் இல்லாத பெயராகக் கருதி அழிக்க முற்படும்.

ஆர்சிங்க் 3.0.0 பதிப்பில், 2008இல், இதற்கு மருந்து வந்தது. மேக் கணினியிலிருந்து இயக்கும்போது ‘ஐகான்வ்’ தெரிவுக்கு, யூடிஎஃப்-8-மேக் என்பதை முதலிலும் யூடிஎஃப்-8 என்பதைக் காற்புள்ளிக்குப் பின்னும் தரவேண்டும். ஆப்பிள் தன் கணினிகளுடன் நெடுங்காலம் தந்துவந்தது 2.6.9 பதிப்பு, அதில் இத்தெரிவு இல்லை. தனியே புதிய பதிப்பை நிறுவிக்கொள்ளவேண்டும்.

நீண்ட தமிழ்த் தலைப்புகளைக் கோப்புப் பெயராக்குபவர்கள் வேறொன்றையும் சந்திப்பார்கள். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேற்படக்கூடாது. தமிழில் அது 85 குறிகள். விண்டோஸ் பைட்டைக் கணக்கிடாமல் குறிகளைக் கணக்கிடுவதால், அங்கே நூறு குறிகளுடன் நன்றாக இருந்த பெயர் இங்கே ஏறாது. ஆர்சிங்க் மற்றவற்றை அனுப்பிவிட்டு 23 என்ற எண்ணுடன் முடியும்; அந்த எண்ணைப் பார்க்காதவர்கள் எல்லாம் சென்றுவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள்.

ஏற்கெனவே இரட்டித்துவிட்ட பெயர்களைச் சீராக்க ‘கான்வ்எம்வி’ என்னும் நிரல் இருக்கிறது. ‘நோடெஸ்ட்’ தெரிவைத் தரும்வரை அது எதையும் மாற்றாமல் என்ன செய்யும் என்று மட்டும் காட்டும் என்பதால் அஞ்சாமல் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அதனாலும் தீராத ஒன்று உண்டு. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு, ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று தட்டச்சிடும் பழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒருங்குறித் தரம் இவற்றை இணையானவையாகக் கொள்வதில்லை. ளகரத்தை எல்லா இடத்திலும் ஔகாரக் குறியாக மாற்றும்படி நிரல் எழுதவும் இயலாது. ‘வெளி’, ‘தெளிவு’, ‘கெளிறு’ எல்லாம் கெட்டுவிடும். பட்டியலை அச்சிட்டு வைத்துக்கொண்டு, எது சொல், எது தட்டச்சுப் பிழை என்று தமிழ் அறிந்த ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.