உணவு வழங்கல் சங்கிலியில் எண்ணிமத் தொழில்நுட்பமும் கற்றலும்

உணவு வழங்கல் சங்கிலி என்பது விளைநிலம் முதல் நுகர்வோர் வரை உணவுப்பொருள் கைமாறிச் செல்லும் வழியாகும். பொருள் முன்னே செல்ல, விலை, தேவை, தரம் பற்றிய செய்தி விவசாயியிடம் திரும்பி வரவேண்டும். தென்காசி மாவட்டத்தின் பாவூர்ச்சத்திரம் சந்தைக் காய்கறிகள் செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்குச் செல்கின்றன. அங்குள்ள நிலவரத்தை முன்பு கமிஷன் கடைக்காரர் சொன்னால்தான் உண்டு.

2018இல் தமிழ்நாடு அரசு உழவன் செயலியை வெளியிட்டது. சந்தை விலையும் வானிலையும் அதில் கிடைக்கின்றன. எனினும், அறிந்த விலைக்கேற்பச் செயலை மாற்ற எல்லாப் பயிரும் இடம்தருவதில்லை. புளியங்குடி எலுமிச்சையைச் சில நாள் மரத்திலேயே விட்டுவைக்கலாம். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடலாம். பழுத்த தக்காளி காத்திருக்காது. குற்றாலத்தில் சீசன் பழக்கடைகளுக்கோ அருவியில் குளிக்கத் தடை உண்டா என்பதே முதல் செய்தி. கூட்டம் குறைந்தால் மங்குஸ்தானும் ரம்புட்டானும் தேங்கிவிடும்.

1997 முதல் 2001 வரை வடகேரளக் கடற்கரையில் கைபேசிச் சேவை பரவியபோது, மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டு, எந்தக் கரைக்குப் போவதென முடிவுசெய்தனர். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, மத்தி விற்காமல் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனது. மீனவர் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது, நுகர்வோர் விலையும் 4 விழுக்காடு இறங்கியது.

தக்காளி பறிப்பதற்கு முன்பே விலை தெரிந்து, பாவூர்ச்சத்திரமா ஆலங்குளமா என்று வண்டியைத் திருப்ப முடிந்தால் இங்கும் அதே பயன் கிட்டும். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர் மட்டும், விலை தெரிந்தாலும் அந்தக் கடைக்கே சரக்கைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.