நீளம்தான் வில்லன்!

எடின்பரோவில் பேராசிரியர் கென் டொனால்ட்சன் குழுவின் நச்சியல் ஆய்வைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா? எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் உற்சாகம் தாங்காது!

மேசையில் கார்பன் நானோகுழாய்கள். 1991-இல் ஜப்பானிய இயற்பியலாளர் சுமியோ இஜிமா இவற்றை விவரித்த நாளிலிருந்து உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய பொருள். ஆனால் மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால்... அட, அச்சு அசல் கல்நார்! நம் ஊர் ஆஸ்பெஸ்டாஸ்தான். அதே மெலிவு, அதே ஊசி வடிவம். அப்படியானால் கல்நார் தரும் அதே புற்றுநோயும் வருமோ?

2008-இல் சோதித்தார்கள். நீளமான குழாய்கள், சுருண்டு சிக்குண்ட குட்டைக் குழாய்கள், ஒப்பிட நீளக் கல்நாரும் குட்டைக் கல்நாரும். எல்லாம் எலிகளின் வயிற்றறைக்குள். பிறகு அறையை அலசி எடுத்து வெள்ளணுக்களை எண்ணினார்கள். உதரவிதானத்தை நுண்ணோக்கியில் துழாவினார்கள். நீளக் கல்நார் கிளப்பிய அதே அழற்சியை நீளக் குழாய்களும் கிளப்பியிருந்தன. குட்டையானவையோ சாதுவாக இருந்துவிட்டன!

காரணம் இதுதான். உடலின் விழுங்கணுக்கள் தூசியைத் தின்று அப்புறப்படுத்தும். இழை விழுங்கணுவைவிட நீளமென்றால் பாதிதான் உள்ளே போகும். அந்த உயிரணு திணறி நச்சுப்பொருள்களைக் கக்கும். விலாக்கூட்டின் உட்புறத்தைப் போர்த்திய சவ்வின் வடிகால் துளைகளிலும் நீள இழை சிக்கிக்கொள்ளும். கல்நார் தரும் அந்த மீசோதீலியோமா புற்றுநோய் தொடங்கும் இடம் அதுவே என்பது இவர்களின் கருத்து.

எவ்வளவு நீளம் ஆபத்து? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த தந்திரம். 2012-இல் வெள்ளியில் நானோ இழைகளை 5 வெவ்வேறு நீளங்களில் எடுத்துக்கொண்டார்கள். கரிமமான திசுவுக்குள் கரிக் குழாயைத் தேடுவது பெரும்பாடு. வெள்ளியோ நுண்ணோக்கியில் பளிச்சிடும்! எலிகளின் நுரையீரல் உறையறையில் அழற்சி தொடங்கிய எல்லை, சுமார் 4 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில்கூட பத்தில் ஒரு பங்கு தேறாது.

1960-இல் தென்னாப்பிரிக்காவில் ஆய்வாளர் வாக்னரும் சகாக்களும் 33 நோயாளிகளை வைத்துக் கல்நாரின் குற்றத்தை நிறுவியபோது, மனிதர்கள் ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தார்கள். இம்முறை எலிகளிலேயே எச்சரிக்கை கிடைத்துவிட்டது. 2014-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒரு வகை நானோகுழாயை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' பட்டியலில் சேர்த்தது.

நானோ இழை தயாரிப்பவர்களே, அதன் உறுதியை மட்டும் விளம்பரப்படுத்தாதீர்கள். நீளத்தையும் அளந்து சொல்லுங்கள்!