மலிவு ஸ்கூட்டரின் மறுபக்கம்

எமது ஊர்களில் ஸ்கூட்டர் இன்று பெண்களின் வாகனம் என்றே ஆகிவிட்டது. பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியை, வைத்தியசாலைக்குச் செல்லும் தாதி, பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு சந்தைக்குப் போகும் தாய் என எல்லோரையும் அது சுமக்கிறது. 2022ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசைகளுக்குப் பின்னர் சத்தமில்லாமல் ஓடும் மின்சார ஸ்கூட்டர்கள் மீதும் பலரது பார்வை திரும்பியது. இவற்றைத் தயாரிப்பதில் உலகில் முன்னிற்கும் நாடு சீனா. "சைனா சாமான்" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். விலையைக் கேட்டதும் வாங்கியும் விடுகிறோம். ஒரு வண்டி எப்படி இவ்வளவு மலிவாக வருகிறது? கூலி குறைவு என்ற பதில் பாதி உண்மைதான். மற்றப் பாதியை அறிய, சீனாவின் உட்பகுதியில் யாங்சி நதிக்கரையிலுள்ள சோங்கிங் நகரத்துக்குப் போக வேண்டும்.

1960களில் யுத்த அச்சம் காரணமாக மாவோவின் அரசு கரையோரத்தை விட்டு விலகி, உள்நாட்டு மலைப் பகுதிகளில் பெருந்தொகையான தொழிற்சாலைகளை நிறுவியது. சோங்கிங் ஆயுதத் தொழிற்சாலைகளின் நகரமானது. 1970களின் இறுதியில் காலம் மாறியது. துப்பாக்கி செய்தவர்களிடம் பொதுமக்களுக்கான பொருட்களைச் செய்யும்படி கூறப்பட்டது. ஜியாலிங், ஜியான்ஷே என்ற இரு அரச ஆயுதத் தொழிற்சாலைகள் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கின. முதலாவது ஹொண்டாவிடமிருந்தும் இரண்டாவது யமஹாவிடமிருந்தும் தொழில்நுட்பத்தைப் பெற்றன. இவற்றைச் சுற்றி உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

1990களில் தனியார் வந்தனர். மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த சுவோ சொங்ஷென் தனது பெயரிலேயே ஒரு நிறுவனத்தை அமைத்தார். அரசியல் குற்றச்சாட்டில் சிறையிலும் தொழில் முகாமிலும் இளமையைத் தொலைத்து, பின்னர் புத்தக வியாபாரம் செய்த யின் மிங்ஷான், 54 வயதில், 1992ஆம் ஆண்டில் லிஃபான் நிறுவனத்தைத் தொடங்கினார். இவர்களிடம் பெரிய வடிவமைப்புக் கூடங்கள் இருக்கவில்லை. அவர்களுக்கு அவை தேவைப்படவுமில்லை என்பதுதான் சுவையான விடயம்.

ஜப்பானிய முறையில் தாய் நிறுவனமே ஒவ்வோர் ஆணியையும் வரைந்து கொடுக்கும். உதிரிப்பாகம் செய்பவர் அந்த அளவிலிருந்து இம்மியும் விலக முடியாது. சோங்கிங்கில் நடந்தது வேறு. நன்றாக விற்பனையாகும் ஒரு ஜப்பானிய வண்டியை எடுத்துப் பிரித்தார்கள். எஞ்சின் ஒரு கூறு, பிரேக் ஒரு கூறு, மின்சார அமைப்பு ஒரு கூறு எனப் பகுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் நிறை, அளவு போன்ற பொதுவான வரையறைகளை மட்டும் சொல்லிவிட்டு மீதியைச் செய்பவர்களிடமே விட்டார்கள். பிரேக் செய்பவரும் சில்லுச் செய்பவரும் தேநீர்க் கடையில் சந்தித்துத் தமக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள் என்று இம்முறையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதன் விளைவாக எவர் செய்த பாகமும் எவர் வண்டிக்கும் பொருந்தியது. எல்லாம் பொருந்தினால் எதைக் கொண்டு போட்டியிடுவது? விலையைக் கொண்டுதான்.

ஸ்கூட்டருக்கு இதற்கான நல்ல உதாரணம் ஜீ.வை.6 எனப்படும் எஞ்சின். ஹொண்டாவின் தொழில்நுட்பத்தோடு வளர்ந்த தாய்வானின் கிம்கோ நிறுவனத்திலிருந்து வந்த இந்த வடிவத்தைச் சீனாவில் எண்ணற்ற தொழிற்சாலைகள் செய்தன. சீன ஸ்கூட்டரின் எஞ்சினில் 139 கியூ.எம்.பீ. என்று பொறித்திருந்தால் அது ஏதோ நிறுவனத்தின் இரகசியக் குறியீடு அல்ல. முதலில் வரும் 1 ஒரு சிலிண்டரைக் குறிக்கும். 39 என்பது அந்த சிலிண்டரின் விட்டம், மில்லிமீற்றரில். 157 என்றால் 57 மில்லிமீற்றர். வெளிக்கூடும் பெயரும் ஆளுக்கொன்று. உள்ளே இருக்கும் இதயம் ஒன்றே. ஆகவே விற்ற நிறுவனம் காணாமற் போனாலும் எஞ்சினுக்கான பாகம் கிடைத்துவிடும். உடைந்த முன்பக்கப் பிளாஸ்ரிக்கைத்தான் தேடி அலைய வேண்டிவரும்.

இந்த மலிவின் பலத்தை முதலில் முழுமையாக உணர்ந்த நாடு வியட்நாம். அங்கு மோட்டார் சைக்கிளுக்கே 'ஹொண்டா' என்றுதான் பெயர். ஆனால் உண்மையான ஹொண்டாவின் விலை ஏறக்குறைய 2000 டொலர். சாதாரண விவசாயிக்கு அது கனவு. 2000ஆம் ஆண்டளவில் ஹொண்டாவின் தோற்றத்திலேயே சீன வண்டிகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விலைக்கு வந்து குவிந்தன. சந்தையின் பெரும்பங்கு ஓரிரு ஆண்டுகளில் கைமாறியது. ஹொண்டா சும்மா இருக்கவில்லை. 2002இல் 'வேவ் அல்பா' என்ற வண்டியைச் சுமார் 700 டொலருக்குக் கொண்டு வந்தது. விலையைக் குறைக்கச் சீன உதிரிப்பாகங்களையே அதுவும் வாங்கியது. அதற்கு முந்திய ஆண்டில், தன் வண்டிகளைப் பிரதி செய்து விற்ற சன்டிரோ என்ற சீன நிறுவனத்துடன் கூட்டு நிறுவனமும் அமைத்திருந்தது. கள்வனைத் துரத்துவதை விட்டுப் பங்காளியாக்கிக்கொண்ட இந்தத் தந்திரம் பலித்தது. வாங்கியவர்களும் சீன வண்டி சீக்கிரம் பழுதாவதைக் கண்டு மெல்ல ஹொண்டாவுக்குத் திரும்பினர். எனினும் பழைய விலை மீண்டும் வரவில்லை. சீன வண்டியை ஒருபோதும் வாங்காத வியட்நாமியக் குடும்பமும் அதனால் இலாபமடைந்தது. மலிவுப் பொருளை இகழும்போது இதையும் நாம் நினைக்க வேண்டும்.

ஆனால் விலையை மட்டுமே வைத்துப் போட்டியிடும் சந்தையில் ஏதாவதொன்று தேய வேண்டும். முதலில் தேய்வது கண்ணுக்குத் தெரியாத இடங்கள்: முலாமின் தடிப்பு, இறப்பர்க் குழாய், வயர், பெயாரிங். அடுத்துத் தேய்வது தொழிலாளியின் நேரம்.

சீனாவின் தொழிற் சட்டம் 1995 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மேலதிக வேலை மாதத்துக்கு 36 மணித்தியாலங்களைத் தாண்டக்கூடாது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அடிப்படைச் சம்பளம் வாழ்வதற்குப் போதாமல் வைக்கப்பட்டால் ஓவர்டைம் தரும்படி தொழிலாளியே கேட்பாள். கட்டுநாயக்கவில் வேலை செய்து திரும்பிய அக்காமார் உள்ள ஊர்களில் இதை விளக்கத் தேவையில்லை. சீனாவில் இதற்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. 1958 முதல் அங்கு ஒவ்வொருவரும் பெற்றோரின் பதிவை ஒட்டியே ஓர் இடத்தில் பதியப்படுகிறார்கள். கிராமத்தில் பதியப்பட்டவர் நகரத்தில் பல வருடம் உழைத்தாலும், அங்குள்ள அரச பாடசாலையில் பிள்ளையைச் சேர்ப்பது கடினம். ஆகவே பிள்ளை பாட்டியுடன் கிராமத்தில். தாய் தொழிற்சாலை விடுதியில். வருடப் பிறப்பு விடுமுறையில்தான் பலருக்குச் சந்திப்பு. வண்டியின் விலைச் சீட்டில் இந்தப் பிரிவுக்கு இடமில்லை.

தொழிலாளர்கள் எப்போதும் தலைகுனிந்திருந்தார்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. 2010 மே மாதம் ஃபோஷான் நகரில் ஹொண்டா கார்களுக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் இளம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். பாகம் வராததால் சீனாவிலிருந்த ஹொண்டா கார்த் தொழிற்சாலைகள் எல்லாமே நின்றன. சம்பளமும் உயர்ந்தது. அதன் பின்னான ஆண்டுகளில் தொழிற்சாலைக் கூலி ஏறியது. இளைஞர் பலர் அந்த வேலையை விட்டு உணவு விநியோகத்துக்குப் போனார்கள். அதே மின்சார ஸ்கூட்டரில் ஏறி, தொலைபேசிச் செயலி கட்டளையிடும் நிமிடக் கணக்குக்குள் ஓடுகிறார்கள். மேற்பார்வையாளரின் இடத்தைச் செயலி பிடித்துக்கொண்டது.

மின்சார ஸ்கூட்டருக்கு வேறொரு கணக்கும் உண்டு. அதன் மலிவுக்கு நீண்ட காலம் அடிப்படையாக இருந்தது ஈய அமில பற்றரி. 2011இல் செச்சியாங் மாகாணத்தில் பற்றரித் தொழிற்சாலைகளைச் சுற்றி வாழ்ந்த நூற்றுக்கணக்கானோரின் இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சிய ஈயம் இருப்பது தெரியவந்தது. அவர்களில் சிறுவர்களும் இருந்தனர். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. அந்த ஆண்டில் சீன அரசு நாடெங்கும் இத்தகைய தொழிற்சாலைகளைச் சோதித்துப் பெரும்பாலானவற்றை மூடியது அல்லது இடைநிறுத்தியது. 2019இல் புதிய விதிகளும் வந்தன: மின்சாரச் சைக்கிள் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது, எடை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று அப்போது வரையறுக்கப்பட்டது. கனமான ஈய பற்றரிக்குப் பதிலாக லிதியம் பற்றரி பரவ இந்த எடை வரம்பும் ஒரு காரணம். ஆனால் லிதியத்துக்குத் தீ அபாயம் உண்டு; தரமற்ற பற்றரியை வீட்டுக்குள் இரவு முழுவதும் சார்ஜில் விடக்கூடாது.

எமது கடைகளில் இரண்டு வகையும் வரக்கூடும். வாங்கப்போகும் தோழிகள் விலைக்கு அடுத்ததாகக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பற்றரி எந்த வகை? அதற்கு எத்தனை மாத உத்தரவாதம்? பழுதான பின்னர் அந்தப் பழைய பற்றரியை யார் திரும்ப எடுப்பார்? மூன்றாவது கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்லாவிட்டால், அது பழைய இரும்புக்காரரின் கைவண்டியில் ஏறி, யாரோ ஒருவரின் கொல்லைப்புறத்தில் உடைக்கப்படும்.